குடம் தூக்கிப் பார்த்த ஜாக்கெட்

"கையத் தூக்கு. இன்னும் மேல. மேலன்னா மேல, கொடியில துணி போடற மாதிரி. ம்... இப்ப அந்தக் குடத்த எடுத்து இடுப்புல வை."

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில், மிஷினக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த எந்தப் பெண்ணும் இந்தக் கட்டளைக்குத் தப்பியது கிடையாது. தைத்ததும் போட்டுப் பார்க்கச் சொல்வாள். போட்டவுடன் நம் கண் கண்ணாடியைத் தேடும். கண்ணாடி வராது. மூலையில் தண்ணீர் நிரம்பி நிற்கும் பித்தளைக் குடம்தான் வரும். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். குந்தி உட்கார்ந்து மாவாட்டுகிற மாதிரி கையைச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால், இழுத்தால், ஏறினால், அந்த இடத்திலேயே தையலைப் பிரித்துவிடுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடி.

"கண்ணாடில பாத்தா எல்லா ஜாக்கெட்டும் நல்லாத்தான் கீது. நீ இன்னா, கண்ணாடி முன்னாடியே குடித்தனம் பண்ணப் போறியா?" என்பாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. லைனில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தையல் மிஷின் வைத்திருந்த அக்கா, ஆகவே மிஷினக்கா. எனக்கும் இங்கே அது போதும்.

நான் பூதிகோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு எதிர் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் ஒரு நாள் அவள் வாசலைத் தாண்டிப் போனேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் மாடு பார்ப்பவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாக்கா அப்படிப் பாக்குற?"

ஊசிகளை எடுத்துவிட்டு, "சுத்து" என்றாள். சுற்றினேன், ஏன் சுற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. "உன்ன மாதிரி ஒருத்தியத்தான் தேடிகினு இருந்தேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"நடக்கறதுக்கு!"

அதுதான் என் உத்தியோகம். புதிதாக ஒரு மாதிரி தைத்தால் முதலில் எனக்குப் போட்டுவிடுவாள். புட்டாக் கை, படகுக் கழுத்து, முதுகில் முடிச்சு எல்லாமே என் மேல்தான் அரங்கேறின. நான் அதைப் போட்டுக்கொண்டு குழாயடி, கடைத்தெரு, சினிமாக் கொட்டகை என்று ஒரு சுற்று வர வேண்டும். அதற்கும் அவள் சட்டம் வைத்திருந்தாள். "யார்னா எங்க தச்சதுன்னு கேட்டா, மொதத் தடவ சிரி. ரெண்டாந்தடவ கேட்டா, 'அய்ய, இது பழசு'ன்னு சொல்லு. மூணாந்தடவ கேக்கறவதான் தைக்கக் குடுப்பா. அவளுக்கு மட்டும் என் வூட்டக் காட்டு."

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அப்போது எனக்கு நல்ல உடம்புவாகு, அதைவிட நல்ல கர்வம். "ஊர் மேயறதுக்கு ஒரு உத்தியோகம்" என்று என் மாமியார் கரித்துக் கொட்டுவார். கொட்டிவிட்டு, பொங்கலுக்கு அவரும் அக்காவிடமே அளவு கொடுத்தார்.

சாயந்திரம் போய் ஒப்புவிக்க வேண்டும். யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்களா கையைப் பார்த்தார்களா என்று குடைந்தெடுப்பாள். நான் "எல்லாரும் நல்லா கீதுன்னாங்கக்கா" என்று பூரித்துச் சொன்னால், "அத உடு. யாரு மூஞ்ச சுளிச்சா? அதச் சொல்லு மொதல்ல" என்பாள். சுளித்தவளின் பேச்சை வார்த்தை மாறாமல் சொல்ல வைத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள்.

இத்தனை ஆர்வம் வெறும் துணி மேல் வந்ததல்ல. அவள் புருஷன் சுரங்க ஷாப்டில் இறங்குகிறவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, பூமிக்கடியில் எந்த லெவலுக்கோ போய்ப் பாறையில் துளை போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், அவர் இருமுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டு, இருமல் ஓயும்வரை மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருப்பாள். "அந்த மனுசன மேல கொண்டாந்துடணும், அவ்ளோதான்" என்பாள் என்னிடம்.

மேலே கொண்டுவருவது அத்தனை சுலபமா? வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட வேண்டும். முன்னால் கடையும் பின்னால் குடியிருக்க இடமும் உள்ள ஒரு ரூம் வேண்டும். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பெரிய ஜவுளிக்கடையை ஒட்டினாற்போல் அப்படி ஒரு ரூம் பூட்டியே கிடந்தது. ஜவுளிக்கடை முதலாளிக்கே சொந்தம். அக்கா போய்க் கேட்கும்போதெல்லாம் அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "லைன்ல தைக்கிறவளுக்கு பஜார்ல கடை இன்னாத்துக்கும்மா?" என்பார்.

அந்த முதலாளிக்கும் ஒரு வருஷம் சனி பிடித்தது. பெங்களூரில் எவனோ ஒரு தரகன், "இதுதான் இப்ப ஃபேஷன்" என்று அவர் தலையில் பாப்ளின் துணியைப் பேல் பேலாகக் கட்டிவிட்டான். பிரித்துப் பார்த்தால் சாம்பலும் இல்லாத, வெள்ளையும் இல்லாத ஒரு கலர். எங்கள் ஊரில் அந்தக் கலருக்கு ஒரே பெயர்தான், சயனைடு மேடு! தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டும் மண் மலை மலையாக நிற்குமே, அந்த மேடு. காற்றடித்தால் அந்த மண் சோற்றில் விழும், பாயில் விழும், பிள்ளையின் கண்ணில் விழும். நாள் முழுக்க அதைக் கூட்டித் தள்ளுகிற பொம்பளைகளிடம் அதே கலரில் துணி விற்க வந்தால் வாங்குவார்களா? துணி அலமாரியில் தூங்கியது.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, ஆடிக் கிருத்திகைக்குள்ள இத்த தீத்துக் குடுத்துடு. தீபாவளிச் சரக்கு அடுக்க எனக்கு எடம் வேணும். தீத்துட்டா அந்த ரூமு உனக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே மொதலாளி?"

"சாமி சத்தியமா."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேலைச் சுமந்து வந்த கூலியாளுக்கு முன்னால் ஓடினாள். அன்றைக்கே வெட்டி, சரிகை வைத்து, பளபளவென்று ஒரு ஜாக்கெட் தைத்து எனக்கு மாட்டிவிட்டாள். குடம் தூக்கிப் பார்த்தோம். கண்ணாடி பார்த்தோம். ராணி மாதிரி இருந்தேன்.

கோயிலுக்குப் போனேன், கடைத்தெருவுக்குப் போனேன், ஒரு ஜீவன் கேட்கவில்லை. சிரிப்பதற்கு உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டு நடந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு கிழவி மட்டும் நிறுத்திக் கேட்டாள்: "ஏம்மா, சைனைட் மேட்டுல உருண்டுட்டு வந்தியா?"

விறுவிறுவென்று அக்கா வீட்டுக்கு வந்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி அக்கா முன்னால் வீசினேன். "இனிமே நான் நடக்க மாட்டேன் போ!"

அவளோ கண் விரிய என்னைப் பார்த்தாள். "உருண்டுட்டு வந்தியான்னு கேட்டா? அப்படியேவா கேட்டா?" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

மறுநாள் காலையில் காலிக் குடத்தோடு குழாயடியில் போய் நின்றாள். வரிசையில் நிற்கவில்லை, ஓரமாக நின்று பேச்சைக் கேட்டாள். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பெண்ணின் கவுனைத் தட்டித் தட்டி, "இப்பத்தான்டி போட்டுவுட்டேன், அதுக்குள்ள மண்ணு கலராயிடுச்சே! தொவைச்சித் தொவைச்சி என் கையே தேஞ்சி போச்சி" என்று புலம்பினாள். பக்கத்தில் இருந்தவள், "எந்தக் கலர் வாங்குனாலும் கடைசில ஒரே கலருதான்" என்றாள்.

அக்கா வீட்டுக்கு ஓடி வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குடம் படியில் மோதி நெளிந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாந்தான்டி தப்பு! பண்டிகைக்குத் தச்சேன் பாரு! இது தெனம் போடற துணிடி! மண்ணு கலர்ல துணி கீது, இதுமேல மண்ணு வுழுந்தா எவனுக்குத் தெரியும்?"

என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிச் சிரித்தாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நானும் குதித்தேன். இரண்டு பேரும் நடு வீட்டில் பைத்தியம் மாதிரி குதித்தோம்.

சரிகையைத் தூக்கிப் போட்டாள். மிளகாய்ச் சிவப்பிலும் கிளிப்பச்சையிலும் துண்டுத் துணி வாங்கிக் கழுத்துக்கும் கைக்கும் கரை வைத்தாள். அந்தச் சிவப்புக் கரைக்குப் பக்கத்தில் மண் கலர் என்னவோ புதுசாக, மிடுக்காக மாறிவிட்டது. ஜாக்கெட், கவுன், பையன்களுக்குச் சட்டை என்று எல்லாவற்றையும் அதே ஜோடியில் தைத்தாள். எனக்கு ஒன்றை மாட்டி, "இந்தத் தடவ கடைத்தெருவுக்குப் போவாத. வாசல் கூட்டு, தண்ணி எடு, வறட்டி தட்டு. சாயந்திரமா எல்லாரும் வெளிய வர்ற நேரத்துல போய் நில்லு" என்றாள்.

நின்றேன். மற்றவர்கள் மேலெல்லாம் புழுதி படிந்து கிடந்தது. நான் மட்டும் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தியவள் போல் நின்றேன். முதலில் கேட்டவளுக்குச் சிரித்தேன். அடுத்தவள் கேட்டபோது "பழசு" என்றேன். "அடியே, காலைல நீ இதே போட்டுகினுதானே கூட்டுன, நான் பாத்தனே!" என்று அவள் என் முந்தானையைப் பிடித்தே இழுத்துவிட்டாள். இழுத்ததை மூணாந்தடவை கேட்டதாகக் கணக்கு வைத்து அவளுக்கு வீட்டைக் காட்டினேன்.

ஐயோ, அதற்குப் பிறகு அந்த வீடு பட்ட பாடு! மைசூர் மைன்ஸ் பக்கமிருந்துகூடத் தேடிக்கொண்டு வந்தார்கள். குடம் தூக்க வரிசை நின்றது. துணி தீர்ந்தது. கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள்.

ஜவுளிக்கடைக்குப் பக்கத்து ரூம் திறந்திருந்தது. உள்ளே புது மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி வைத்த தையல்காரர்கள். அவர்கள் கையில் பெங்களூரிலிருந்து புதிதாக வரவழைத்த அதே மண் கலர் துணி, அதே சிவப்புக் கரை. சாமி சத்தியம் செய்த அந்த மனிதர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ரூம பத்தி அப்பறமா பேசலாம்மா. இப்ப சீசனு" என்றார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சுக்கு ஆகாது. அக்கா வெளியே தொங்கிய ஜாக்கெட் ஒன்றை எடுத்து, கையைத் திருப்பி, அக்குளைப் பார்த்தாள். மாட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.

"இன்னாக்கா பாத்த?"

"கரைய பாத்து வெச்சிகினாங்க. குடத்த பாக்கல" என்றாள்.

அவள் தைக்கிற ஜாக்கெட்டில் அக்குளுக்குள் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைப்பாள். கை இறங்கியிருந்தால் அது வெளியே தெரியாது, கையைத் தூக்கினால் விரிந்து கொடுக்கும். உள்ளே பிரித்துவிடுவதற்கும் தாராளமாகத் துணி விட்டிருப்பாள். கடை ஜாக்கெட்டில் இரண்டும் கிடையாது. ஆனாலும் விலை குறைவு, காத்திருக்கவும் வேண்டாம். ஜனம் அங்கேதான் போனது. அதுவரை புழுதித் துணியாக இருந்ததற்குச் சரிகைக் கரை வைத்து, கிருத்திகைக்கென்றே முதலாளி விற்றார். பண்டிகைக்கு அதைத்தான் போட வேண்டும் என்று ஊரே வாங்கிப் போட்டுக்கொண்டது.

அக்காவின் மிஷின் பாதி நேரம் சும்மா நின்றது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பூமி குலுங்கியது. கீழே பாறை வெடித்தால் எங்களுக்கு மேலே பாத்திரம் ஆடும். மூலையில் குடம் அதிர்ந்து தண்ணீர் தளும்பியது. லைன் முழுக்கப் பொம்பளைகள் வாசலுக்கு ஓடி வந்தோம். அக்காவும் வந்தாள், வாயில் கவ்விய ஊசிகளோடு. அவள் புருஷன் அப்போது கீழே. ஷாப்ட் பக்கமிருந்து ஆள் வந்து "ஒண்ணும் இல்ல, வேற பக்கம்" என்று சொல்கிறவரை ஊசிகளை எடுக்கவே இல்லை. எடுத்தபோது உதட்டில் ரத்தம். "அந்த ரூமு கெடைச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முதலாளி மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைக் கோயிலில் நிற்க இடமில்லை. காவடிகள் ஆடுகின்றன, மேளம் காதைப் பிளக்கிறது. முன்வரிசையில் முதலாளியின் சம்சாரம், கடையில் தைத்த சரிகைக் கரை ஜாக்கெட்டில். புருஷன் சொல்லிப் போட்டிருப்பார், என் உத்தியோகத்தையும் காப்பியடித்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிலும் பாதிப் பேர் அதே ஜாக்கெட். திரை விலகியது. தீபம் ஏறியது. ஊர் மொத்தமும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது.

"அரோகரா!"

டர்ர்!

முதலில் ஒரு இடத்தில். பிறகு இங்கே, அங்கே, முன்னால், பின்னால். சாமிக்குத் தூக்கிய கை அத்தனை சட்டென்று இறங்கி நான் பார்த்ததே இல்லை. பொம்பளைகள் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். அக்கா தைத்த ஜாக்கெட்டில் நான் மட்டும் இரண்டு கையையும் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூக்கி, குதித்து, "அரோகரா! அரோகரா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தொடையில் நறுக்கென்று கிள்ளு விழுந்தது. "கைய எறக்குடி. அவங்களுக்கு மானம் போவுது, உனக்கு ஆட்டமா?" என்றாள் அக்கா.

தாலிக் கயிற்றில் அவள் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு கோத்து வைத்திருப்பாள். கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொருத்தியின் முந்தானையையும் இழுத்துத் தோளை மூடி ஊக்குப் போட்டுவிட்டுக்கொண்டே போனாள். முன்வரிசைக்குப் போனபோது ஒரே ஒரு ஊக்குதான் மிச்சம். முதலாளியின் சம்சாரம் கண்ணில் தண்ணீரோடு நின்றார். அந்தக் கடைசி ஊக்கு அவருக்கு.

மறுநாள் காலையில் அந்தம்மா எங்கள் லைனுக்கு வந்தார், அதுவும் குதிரை வண்டியில்! லைனே வாசலுக்கு வந்து பார்த்தது.

"இந்தாம்மா உன் ஊக்கு."

"ஊக்கு இருக்கட்டும்மா. கிழிஞ்ச ஜாக்கெட்டக் குடுங்க."

அக்குளுக்குத் துண்டு வைத்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு அந்தம்மா கண்ணாடி எங்கே என்று பார்த்தார். அக்கா மூலையைக் காட்டினாள். பிறந்ததிலிருந்து தண்ணீர் சுமந்து பழக்கமில்லாதவர், "அய்யோ, முதுகு, முதுகு" என்று முனகிக்கொண்டே குடத்தைத் தூக்கினார். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. சுவர் வரை போய்த் திரும்பி, குடத்தை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. அந்தம்மா கையைத் தூக்கியபடியே கலகலவென்று சிரித்துவிட்டார். லைனே சேர்ந்து சிரித்தது.

சாயந்திரம் முதலாளி நடந்தே வந்தார். "நேத்துலேர்ந்து எங்க வூட்ல யாரும் எங்கிட்ட பேசறதில்லம்மா. ரூமு விஷயமா..."

"சாவிய மொதல்ல கைல குடுத்துட்டுப் பேசுங்க மொதலாளி" என்றாள் அக்கா. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "உங்க தையக்காரங்க இருக்கட்டும். நான் வெட்டிக் குடுக்கறத தைக்கட்டும். ஆனா ஒண்ணு, என் கொடத்தத் தூக்காம ஒரு துணி வெளிய போவாது."

"சரிம்மா."

"சாமி சத்தியம் வேணாம். சரின்னதே போதும்."

கடை திறக்கிற அன்றைக்குப் போர்டு எழுத ஆள் வந்தான். என்ன பெயர் எழுத என்று கேட்டான். அக்கா யோசித்தாள். "பேரு இன்னாத்துக்கு? ஒரு கொடம் போடு. நெளிஞ்ச கொடம்" என்றாள். நெளிவு உட்பட அழகாக வரைந்துவிட்டுப் போனான்.

அக்காவின் புருஷன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சம் பழகாத ஆள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவையே பார்த்தார். முதல் ஆளாக ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார்.

"ஏங்க, பித்தளைக் கொடம் இன்னா வெலை?"

அவர் திருதிருவென்று விழித்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "கொடம் விக்கறதில்லம்மா, தூக்கறதுக்கு! உள்ள வாங்க, கையத் தூக்குங்க!"

அந்த அம்மா ஏதும் புரியாமல் உள்ளே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது சுரங்கத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. பெஞ்சில் இருந்தவர் சட்டென்று எழுந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் தேடிக் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எனக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது.

அக்கா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தாள். வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவையில் குத்திக்கொண்டாள். அவர் தோளில் கையை வைத்தாள்.

"அது உனக்கு இல்லய்யா. ஒக்காரு."

அவர் உட்கார்ந்தார்.